விவரம் தெரிந்த தளவாய்

தாராவியில் தோலுக்கு உப்புத் தடவும் வேலை பார்த்த தளவாயை நாற்பது வயது வரை யாரும் "சார்" என்று கூப்பிட்டதில்லை. 1966இல் ஒரு கம்பெனி கூப்பிட்டது. பத்து ரூபாய் கட்டிச் சேர்ந்தால் போதும், விற்கச் சரக்கு எதுவும் கிடையாது, நாலு பேரைச் சேர்த்தால் கமிஷன், அவர்கள் ஆளுக்கு நாலு பேரைச் சேர்த்தால் அதிலும் கமிஷன் என்றார் டை கட்டிய மேனேஜர். தளவாயின் சட்டையில் "ஆர்கனைசர்" என்று ஒரு பேட்ஜையும் குத்திவிட்டார்.

தளவாய் முதலில் மச்சினன் மாசானத்தைச் சேர்த்தார். மாசானம் பட்டறைக் கூட்டாளிகளைச் சேர்த்தான். கொஞ்ச நாளில் சந்து முழுக்க ஆர்கனைசர்கள். குழாயடியில் ஒருவரை ஒருவர் சேர்க்கப் பார்த்தார்கள். ஆள் தேடித் தளவாய் டோம்பிவிலி வரை ரயிலேறிப் போனார். அங்கே கதவைத் திறந்தவர் சட்டையிலும் அதே பேட்ஜ் இருந்தது.

அடுத்த வாரம் கம்பெனி பூட்டிக் கிடந்தது. மேனேஜரின் ஊர், பேர் யாருக்கும் தெரியவில்லை. உன்னைச் சேர்த்தது யார் என்று போலீஸ் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனதில், எல்லார் விரலும் தளவாயிடம் வந்து நின்றது. இதில் சேரவே மாட்டேன் என்றிருந்த மனைவி கனகவள்ளி அவரை மாட்டுங்கா வக்கீல் மகாதேவனிடம் கூட்டிப்போனாள்.

"இந்தச் சங்கிலி வியாபாரத்துக்குன்னு தனிச் சட்டம் இன்னும் வரலை. மோசடிக் கேஸ்தான் போடுவா," என்றார் வக்கீல். "மோசடின்னா ஏமாத்தற எண்ணம் இருந்திருக்கணும். நீர் தெரிஞ்சு சேர்த்தீரா, தெரியாமச் சேர்த்தீரா?"

தளவாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எல்லாம் தெரிஞ்சுதான் சார். மேனேஜருக்கு அடுத்து விவரம் தெரிஞ்சவன் நாந்தான்."

"அப்படிச் சொன்னா உள்ளே போகணும். ஒண்ணும் புரியாமத்தான் சேர்ந்தேன், புரியாமத்தான் சேர்த்தேன்னு சொன்னா வெளியே வரலாம்."

"நம்ம ஆளுக முன்னாடி அப்படிச் சொல்லச் சொல்லுதீயளா?"

"நீங்க சும்மா இரிங்க," என்றாள் கனகவள்ளி. "இவியளுக்கு ஒண்ணும் தெரியாது சார். கல்யாணம் ஆன நாள்லேருந்து பாக்கேன். எங்க வேணாலும் சத்தியம் பண்ணுதேன்."

போலீஸ் ஸ்டேஷனில் சந்தே வேடிக்கை பார்க்க, அதையே சொன்னாள். மாசானம் இந்தியில் எடுத்துச் சொன்னான். இன்ஸ்பெக்டர் தளவாயை ஏற இறங்கப் பார்த்தார், நம்பிவிட்டார். உடனே மற்ற ஆர்கனைசர்களும் தங்களுக்கும் ஒன்றும் புரியவில்லை என்று முண்டியடித்து எழுதிக்கொடுத்தார்கள். தளவாய்க்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

1978இல்தான் சட்டம் வந்தது. ஆள் சேர்ப்பதைக் கொண்டு சுலபமாகப் பணம் தருவதாகச் சொல்லித் திட்டம் நடத்தினாலும், அதற்கு ஆள் பிடித்தாலும், அதில் சேர்ந்தாலும் குற்றம். டீக்கடையில் மாசானம் பேப்பரை வாசித்துக் காட்டினான்.

"சேந்தவனுக்கும் ஜெயிலாம் அத்தான்."

"அப்பமே இது வந்திருந்தா நம்ம சந்துல யாருடே மிஞ்சியிருப்பா?"

மாசானம் யோசித்தான். "அக்கா மட்டும்தான்."