அக்கா வீட்டுக்குப் போன சொம்பிப் புத்தகம்

எனக்குப் பேய்க்கதை ஒத்துவராது. அதிலும் செத்தவர்கள் எழும்பி நடக்கிற கதை என்றால் இரண்டாம் பக்கத்திலேயே மூடிவிடுவேன். அப்படிப்பட்ட நானே ஒரு சொம்பிப் புத்தகத்தை என் கையால் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னைவிடப் பெரிய விசரி வவுனியாவில் இருக்க முடியாது. சொம்பி என்றால் செத்தும் சாகாத பிணம். எழும்பி நடக்கும், உயிரோடு இருப்பவர்களைக் கடிக்கும், கடிபட்டவரும் சொம்பி ஆகிவிடுவார். புத்தகத்தின் மொத்தச் சரக்கும் இதுதான். அது இப்போது என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. றாக்கையில் வைக்கவும் மனமில்லை, எறியவும் மனமில்லை.

நான் வேலை செய்வது ஒரு நூலகத்தில். வெளிநாட்டிலிருந்து யாராவது புண்ணியவான்கள் இடைக்கிடை பெட்டி பெட்டியாகப் புத்தகம் அனுப்புவார்கள். தங்கள் வீட்டில் இடத்தை அடைப்பதையெல்லாம் எங்களுக்குத் தானம் செய்வார்கள். பிரித்துப் பார்த்தால் பழைய கணினிப் பாடநூல், பனி கொட்டும் ஊரில் பூந்தோட்டம் வைப்பது எப்படி, கேக்குக்கு ஐசிங் போடுவது எப்படி. அப்படியொரு பெட்டிக்குள்தான் இதுவும் கிடந்தது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு எழுதிய ஆங்கில நாவல். அட்டையில் ஒரு பெட்டை, கையில் துவக்கு, பின்னால் புகை. துவக்கைக் கண்டதும் கழிவுப் பெட்டிக்குள் போடத்தான் எடுத்தேன். ஆனால் புரட்டிப் பார்த்தபோது ஆங்கிலம் இலகுவாக இருந்தது. உருத்திரபுரத்தில் இருக்கும் அக்காவின் மகள், என் பெறாமகள், உயர்தரம் படிக்கிறாள். ஆங்கிலம் பழக ஏதாவது தாங்கோ சித்தி என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள். கொடுக்க முதல் நான் ஒருமுறை வாசிப்போம் என்று நெளுக்குளத்தில் இருக்கும் என் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

முதல் ஐம்பது பக்கமும் கோபத்தோடுதான் வாசித்தேன். ஊரே ஓடுகிறது, ஒருத்தியாவது சோற்றுப்பானையைத் தூக்கவில்லை. அரிசி இல்லை, தீப்பெட்டி இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை. கூடாரம் அடிக்கத் தறப்பாள் என்று ஒரு சாமான் உலகத்தில் இருப்பதே எழுதினவனுக்குத் தெரியாது. அந்தப் பெட்டை முதுகுப் பையில் டயறியை வைத்துக்கொண்டு ஓடுகிறாள். "எடியேய், உப்பை எடு, உப்பை எடு" என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். ஒரு வீட்டுக்குள் இருபது பேர் ஒரு கிழமை ஒளிந்திருக்கிறார்கள், ஒருத்தருக்கும் வயிற்றோட்டம் வரவில்லை. ஒருத்தருக்கும் பதுங்குகுழி வெட்டத் தெரியவில்லை. இடம்பெயர்ந்த ஒரு மனுசியிடம் அரை மணித்தியாலம் கேட்டிருந்தால் ஒழுங்காக எழுதியிருக்கலாம். பென்சிலை எடுத்து ஓரத்தில் குறித்துக்கொண்டே போனேன். இங்கே பிழை, இதுவும் பிழை, தண்ணீர் எங்கே? நூலகப் புத்தகத்தில் கிறுக்கும் பிள்ளைகளைப் பிடித்து ஏசுகிறவள் நான்தான்.

பிறகு ஒரு பக்கம் வந்தது. முள்ளுக்கம்பி வேலி. உள்ளே நல்ல மனிதர்கள், துவக்கும் முகமூடியுமாக நிற்கிறார்கள். வெளியே வீதி நிறையச் சொம்பிகள் வருகின்றன. உடுப்புக் கிழிந்து, சேறு அப்பி, காயத்தில் ஈ மொய்க்க, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வருகின்றன. வேலிக்குள் நிற்கிற பெட்டை மூக்கைப் பொத்துகிறாள். அவளோடு சேர்ந்து நானும் பயப்பட வேண்டும் என்பதுதான் எழுதினவனின் விருப்பம். எனக்குப் பயம் வரவில்லை. அந்த வீதியில் நான் நடந்திருக்கிறேன். சண்டையின் கடைசி நாட்களில் இடுப்பளவு தண்ணீரைக் கடந்து, அக்காவின் ஒன்பது மாதப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அப்படியேதான் வந்தேன். அப்படியேதான் எங்களையும் ஆமிக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். பாழ்படுவான், எங்களைக் காணாமலே எங்களை எழுதியிருக்கிறான் என்று ஏசிவிட்டுப் புத்தகத்தை மூடினேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி திறந்தேன். வெளியே நிற்பவர்களுக்கு என்ன நடந்தது என்று அறிய வேண்டும்போல் இருந்தது. அதைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

முக்கால்வாசியில் அந்தப் பெட்டையின் தகப்பன் வருகிறான். முதல் நாளே பெற்றோல் தேடிப் போய்க் காணாமல் போனவன். ஒருநாள் அவர்கள் ஒளிந்திருக்கும் வீட்டின் கதவு தட்டப்படுகிறது. எட்டிப் பார்த்தால் அவன்தான். போட்டிருந்த கோட்டை வைத்தே மகள் கண்டுபிடித்துவிடுகிறாள். ஆனால் அவன் இப்போது சொம்பி; காலை இழுத்து, கையை முன்னுக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறான், வாயில் உறுமல் மட்டும்தான். அவள் கதவைத் திறக்கவில்லை. யன்னலால் சுடுகிறாள். சுட்டுவிட்டு, அதுவரை அழாதவள், அன்றுதான் அப்பா என்று அழுகிறாள். எனக்கும் அழுகை வந்தது. மலிவான கதை என்று தெரிந்தே அழுதேன்.

இதை வாசித்த பிறகும் அக்கா வீட்டுக்கு அதைக் கொண்டுபோனதுதான் நான் செய்த வேலை. அக்காவின் புருஷனை, என் அத்தானை, தண்ணீரைக் கடந்து வந்த அன்றே பெயர் பதிய வேண்டும் என்று ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். அவ்வளவுதான், பிறகு ஆளைக் காணவில்லை. அக்கா இன்னும் பொட்டும் தாலியுமாகத்தான் இருக்கிறாள். மரணச் சான்றிதழ் எடுத்துவிடுங்கோ, உதவி ஏதும் கிடைக்கும் என்று சொல்ல வந்த உத்தியோகத்தரை, "உங்கட வீட்டில ஆருக்கும் எடுங்கோ" என்று படலை வரை துரத்தினவள். எங்கள் பக்கத்தில் தகப்பன் இல்லாத பிள்ளைகள் ஆடி அமாவாசைக்கு விரதம் பிடிப்பார்கள். மத்தியானம் மரக்கறி சமைத்துப் படைத்து, காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பாடு. அந்த ஒழுங்கையில் அன்றைக்கு மீன் பொரிக்கிற வாசம் வருகிற ஒரே வீடு அக்காவுடையது. முதல் நாளே வாங்கி, பொரித்து, குழம்பும் வைப்பாள். எங்கள் அப்பா செத்து எத்தனையோ வருடம். அவருக்குக்கூட அவள் விரதம் பிடிப்பதில்லை. பார்க்கிறவர்கள் தன் மனுசனுக்கென்று நினைத்துவிடுவார்களாம்.

அத்தான் வரமாட்டார் என்று நான் முடிவு கட்டிப் பல காலம். அதை அக்காவின் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் துணிவில்லை. எங்கேயோ இருக்கும் ஒருவன் எழுதின கதை அந்த வீட்டுக்குள் போய் அதைச் சொல்லட்டும் என்று நினைத்தேன். ஆங்கிலம் பழகுவதெல்லாம் சாட்டுத்தான். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

பெறாமகள் ஐந்தே நாளில் வாசித்து முடித்துவிட்டாள். அடுத்த முறை நான் போனபோது, "அந்தச் சொம்பியள் வீதியால வாற இடம் தான் சித்தி சரியான பயம்" என்றாள். உன்னைத் தூக்கிக்கொண்டு அதற்குள்தானடி வந்தேன் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அன்று குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த தாய்க்கு அவள் முழுக் கதையையும் சொன்னாள். அக்கா கேட்டாளோ இல்லையோ என்றிருந்தேன். தகப்பன் வருகிற இடத்தில் தலையை நிமிர்த்தினாள்.

"தேப்பன் திரும்பி வந்தவரோ?"

"ஓம் அம்மா. ஆனா அது தேப்பன் இல்லை, சொம்பி."

"வந்து கதவைத் தட்டினவர் தானே?"

"தட்டினது தான்."

"பிறகென்ன? எழும்பித் திறக்கிறதுக்கு என்ன கேடு அவளுக்கு?"

"திறந்தாக் கடிக்கும் அம்மா!"

"கடிச்சாக் கடிக்கட்டும்" என்றாள் அக்கா.

பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரிக்கத் தொடங்கி, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினேன். "அவ்வளவு தூரம் தேடி வந்த மனுசனைச் சுடுறதோ? எளியதுகள்" என்று சொல்லிவிட்டு அவள் கீரைக்குள் குனிந்துகொண்டாள். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிவிட்டேன் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆடி அமாவாசை வந்தது. நான் வழக்கம்போல அப்பாவுக்கு விரதம். கோயிலுக்குப் போய்விட்டு, காலையிலேயே பஸ் ஏறி அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு அடுப்பில் அவளுடைய மீன், மற்ற அடுப்பில் என்னுடைய மரக்கறி. அந்த நாளுக்கென்றே சமைக்கிற கைப்பான காத்தோட்டிக்காயும் வைத்தேன். "உன்ர கறி மணத்தில என்ர மீன் பழுதாப் போகுது" என்று அக்கா நக்கலடித்துக்கொண்டிருந்தாள். இது வருடா வருடம் நடப்பதுதான். மத்தியானம் நான் அப்பாவுக்குப் படைத்து, வாழையிலைத் துண்டில் சோறு எடுத்துக் கிணற்றடியில் காகத்துக்கு வைத்துவிட்டு வந்தேன். அக்கா மூன்று சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அப்போது பிள்ளை என் பானையிலிருந்து இன்னொரு வாழையிலைத் துண்டில் சோறும் கறியும் எடுத்துக்கொண்டு வெளியே போகப் பார்த்தாள்.

"தாத்தாவுக்கு வைச்சாச்செல்லே, அது ஆருக்கு?" என்று அக்கா கேட்டாள்.

பிள்ளை நின்றாள். "அப்பாவுக்கு. நானும் இண்டைக்கு விரதம் அம்மா. காலமையிலயிருந்து ஒண்டும் சாப்பிடேல்லை."

அக்காவின் கையிலிருந்த கோப்பை கீழே விழவில்லை, ஒன்றும் இல்லை. மெதுவாகத்தான் வைத்தாள். "என்ர வீட்டில ஒருத்தரும் சாகேல்லை" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீதான். அந்தப் பேய்ப் புத்தகத்தைக் கொண்டந்து குடுத்து என்ர பிள்ளையின்ர மண்டையைக் கழுவிப்போட்டாய். தேப்பனைச் சுடச் சொல்லிக் குடுத்திருக்கிறாய்."

"அக்கா, நான்..."

"வாயைப் பொத்து."

பொத்தினேன். அவள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

"சித்தியை ஏசாதேங்கோ" என்றாள் பிள்ளை. "அந்தப் பிள்ளைக்கு எண்டாலும் தேப்பனைத் தெரியும். கோட்டைப் பாத்தே தெரியும். எனக்கு என்ன தெரியும் சொல்லுங்கோ? நாளைக்கு ஒரு ஆள் வந்து நிண்டு, நான்தான் உன்ர அப்பா எண்டா, நான் என்னெண்டு நம்புறது? நீங்கள் ஒவ்வொரு நாளும் படலையைப் பூட்டாமல் விட்டிட்டுப் படுக்கிறியள். எனக்குப் பயத்தில நித்திரை வாறேல்லை அம்மா. செத்தவரெண்டாத்தான் அவர் எனக்கு அப்பா. வந்தாரெண்டா ஆரோ ஒரு ஆள்."

நான் நினைத்தது வேறு. போனவரைப் போக விட வேண்டும் என்று புத்தகம் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் என்று நினைத்தேன். அவளோ கதவுக்கு வெளியே தெரியாத ஒருவன் நிற்பதைத்தான் அதில் வாசித்திருக்கிறாள். பதினாறு வருடத்துக்கு மேல் அந்தப் பயத்தோடு ஒரு பிள்ளை வளர்ந்திருக்கிறது, எங்கள் ஒருவருக்கும் தெரியாது. தெரிய என்ன வழி? அக்கா ஒருநாளும் அத்தானைப் பற்றிப் பிள்ளைக்கு ஒன்றும் சொன்னதில்லை. அவர் இப்படி, அவர் அப்படி என்று இருந்து கதைப்பது செத்த வீட்டில்தான் என்பாள். அவளுக்குப் பயந்து நாங்களும் வாயைத் திறப்பதில்லை. இருக்கிற ஒரே படமும் தண்ணீரில் ஊறி முகம் கரைந்துபோனது.

அக்கா ஈரக் கையைச் சீலையில் துடைத்தாள். பிறகு பிள்ளையின் கையிலிருந்த இலையை வாங்கினாள். எறியப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அதை ஒரு கோப்பைக்குள் வைத்து, இன்னொரு கோப்பையால் மூடி, குசினிச் சுவர்த் தட்டில் உயரத்தில் வைத்தாள்.

"காகத்துக்கு வைக்கேலாது. விரதமெண்டா நீ இரு, நான் மறிக்கேல்லை. சித்தியோட மரக்கறியைச் சாப்பிடு" என்றாள். அடுப்புக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டாள். மகளையும் இழுத்துத் தன் முன்னால் இருத்தினாள். நான் இருவருக்கும் அருகே, சுவரோடு ஒட்டிக்கொண்டு இருந்தேன்.

"வடிவாக் கேள்" என்றாள் அக்கா. "அந்தக் கடைசிக் கிழமை அவருக்கு இடது காலில ஷெல் துண்டு பட்டது. மருந்து கட்ட இடமில்லை. அந்தக் காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். பஸ்ஸில ஏத்தேக்க கண்ணாடியும் உடைஞ்சு போச்சு. அது இல்லாட்டி முன்னுக்கு நிக்கிற ஆளையே அவருக்குத் தெரியாது. ரெண்டு கையையும் முன்னுக்கு நீட்டித் தடவிக்கொண்டுதான் வருவார். இத்தனை வருசத்தில உடுப்பு என்ன கோலத்தில இருக்குதோ. கதையும் மறந்திருப்பார், சத்தம் மட்டும்தான் வரும். அது தான் உன்ர அப்பா. விளங்குதே? நீ அதைப் பாத்துப் பயந்துபோடாத பிள்ளை."

"ஓம் அம்மா, பயப்பிட மாட்டன்" என்றாள் அவள். சொல்லிக்கொண்டே என் கையைத் தேடிப் பிடித்து, நகம் பதிய இறுக்கினாள்.