முத்தாலம்மாள் வெட்டிய நூல்

எனக்கு உயரம் ஆகாது. மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கச் சொன்னாலே என் வீட்டில் சண்டை வரும். அப்பேர்ப்பட்ட என்னை, ரிட்டையர் ஆன மறு மாதமே, பாராசூட்டில் குதிக்கக் கற்றுக்கொடுக்கும் முகாமில் ரிஜிஸ்டர் எழுத உட்கார வைத்தார்கள் என்றால் என் தலையெழுத்தை என்னவென்று சொல்ல? 2005ஆம் வருடம். பொத்தேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று ஞாயிறு பாடம். நான்காவது ஞாயிறு, செங்கல்பட்டுக்கு அப்பால் ஒரு பழைய ஓடுபாதையில் குதிக்க வேண்டும். வந்தவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்க முடியாதவர்கள்.

அவர்களுக்கு நடுவில் முத்தாலம்மாள் வந்து நின்றபோது, மண்டபம் பெருக்க வந்தவர் என்று நினைத்து, "மேடைப் பக்கத்துல இருந்து ஆரம்பிங்கம்மா" என்றேன். அவர் பையிலிருந்து டாக்டர் சர்டிபிகேட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். எனக்கு முகம் செத்துப்போயிற்று.

நாற்பத்து மூன்று வயது. கோவளத்து மீனவக் குடும்பம். தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் பதினெட்டு வருடமாக செக்கர். தைத்து வரும் சட்டையைத் திருப்பிப் பார்த்து, நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டி, பாஸ் என்று தள்ளிவிடும் வேலை. அதற்கான குட்டிக் கத்தரி ஒன்று நாடாவில் கோத்துக் கழுத்தில் தொங்கும். ஞாயிற்றுக்கிழமையும் தொங்கியது. புருஷன் எப்போதோ வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டானாம். கடப்பேரியில் ஒற்றை அறை வீடு.

"உங்களுக்கு எதுக்கும்மா இந்த வம்பு?" என்று கேட்டேன்.

"லீவு நாள்ல வூட்ல செவுத்தப் பாத்துகினு கீறேன் சார். வேலைல குனிஞ்ச தல நிமிர்றதில்ல. ஒரு தபா மேல இருந்து பாத்துட்டு வந்துடறேன்."

படிவத்தில் கடைசிக் கட்டம், அவசரத்துக்கு யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது. கீழே இறங்கிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் நான் அந்த எண்ணில் கூப்பிட்டு, "இறங்கிட்டார், நல்லா இருக்கார்" என்று சொல்ல வேண்டும். இது முகாமின் வழக்கம். முத்தாலம்மாள் யோசிக்காமல் ஒரு லேண்ட்லைன் நம்பரை எழுதிக் கொடுத்தார். நானும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பாடம் நடத்தியவர் தயாளன், பழைய ராணுவக்காரர். மேஜையிலிருந்து குதித்து, முழங்காலை மடக்கி, பாயில் உருள வேண்டும். பையன்கள் ஒருவன் உருளுவதை இன்னொருவன் போட்டோ எடுத்துக் கும்மாளம் போடுவார்கள். பட்டைகளைச் சரிபார்க்க ஜோடி சேரச் சொன்னால், ஒற்றைப்படையில் மிஞ்சுவது முத்தாலம்மாள்தான். தயாளனே போய் அவருக்கு ஜோடியாக நிற்பார். சாப்பாட்டு நேரத்தில் இவர் மட்டும் மண்டபத்துக் கோடியில் டப்பாவைத் திறந்து, பத்து நிமிஷத்தில் மூடிவிடுவார். எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். ஆனால் போய் உட்கார்ந்தேனா? இல்லை.

குதிக்கிற நாளும் வந்தது. காலை ஏழு மணிக்கு, தார்ப்பாயில் ஆளுக்கொரு மூட்டையாகப் பாராசூட்டுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மூட்டையிலும் இரண்டு பாராசூட் உண்டு. ஒன்று வேலை செய்யாவிட்டால் இன்னொன்று. அந்த இரண்டாவதை மடித்துப் பூட்டுகிறவர் ஃபிரெடி. பூட்டிய ஊசியில் மெல்லிய சிவப்பு நூல் ஒன்றைச் சுற்றி ஈய முத்திரை வைப்பார். நூல் அறுந்திருந்தால் யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு அதை மாட்டிக்கொண்டு யாரும் ஏறக் கூடாது.

முத்தாலம்மாள் நேராக என் மேஜைக்கு வந்து கையை விரித்தார். உள்ளங்கையில் சிவப்பு நூலும் ஈயமும்.

"என்னுதுல லூசா தொங்கிகினு இருந்துச்சு சார். கட் பண்ட்டேன்."

"அறிவிருக்கா உங்களுக்கு? சட்டைன்னு நினைச்சீங்களா?" என்று கத்தினேன். பையன்களும் அவர்களைப் பார்க்க வந்த குடும்பங்களும் திரும்பிப் பார்த்தார்கள். மதியழகன் என்ற பையனின் அம்மா, இட்லி பரிமாறுவதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

தயாளன் நூலை வாங்கிப் பார்த்தார். "இது பறக்காதும்மா. வேற செட் இல்ல. பிளேன் இன்னைக்கு ஆறு மணிக்குத் திரும்பிடும்" என்றார்.

முத்தாலம்மாள் அழவில்லை. கழுத்திலிருந்த கத்தரியைக் கழற்றிப் பைக்குள் போட்டார். அதற்கு அழுதிருக்கலாம்.

ஃபிரெடிதான் பேசினார். "நான் பிரிச்சு மறுபடி மடிக்கறேன். மூணு நாலு மணி நேரம் ஆகும். ஆனா ஒண்ணு சொல்லுங்க, நூலை ஒளிச்சு வெச்சிருந்தா எல்லாரும் என் மேலதானே சந்தேகப்பட்டிருப்பாங்க? எதுக்கு வந்து சொன்னீங்க?"

"நான் பாஸ்னு சொன்னாதான் சார் கம்பெனில பீஸே வெளிய போவும். நானே மறச்சா இன்னா ஆவறது?"

ஃபிரெடி மடிக்க உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் முத்தாலம்மாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வானத்தில் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். இறங்க இறங்க நான் போன் போட்டேன். எதிர்முனையில் ஒரே கூச்சல், அழுகை, சிரிப்பு.

ஃபிரெடி மடித்து முடிப்பதற்குள் மதியக் கடல் காற்று ஏறிவிட, குதிப்பதையே நிறுத்தினார்கள். நேரமாகும் என்று முத்தாலம்மாள் வீட்டுக்கும் சொல்லிவிடலாமே என்று அந்த நம்பரைப் போட்டேன். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

"வீட்ல யாரும் இல்லையாம்மா?"

"அது என் வூட்டு நம்பர் சார். எங்கம்மாவுக்கோசரம் போட்ட போனு. கம்பெனில இருந்து தெனம் ஒரு மணிக்குக் கூப்ட்டு, துன்னியா, மாத்திர போட்டியான்னு கேப்பேன். போன வருசம் தவறிட்டாங்க. யாருக்குச் சொல்லணும்னு எழுதச் சொன்னீங்களா, கை அதையே எழுதிடுச்சு."

"சரி, வேற நம்பர் சொல்லுங்க."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். என் பேனா காத்துக்கொண்டிருந்தது.

"இல்லியே சார்."

நம்பர் இல்லாதவரை ஏற்றக் கூடாது. அது ரூல். முப்பத்தைந்து வருடம் ரூல் பேசியே பிழைத்தவன் நான். காலையில் இவரைப் பார்த்துப் பத்துப் பேர் முன்னால் கத்தியவனும் நான்தான். அந்தப் படிவத்தை மடித்து ரிஜிஸ்டருக்கு அடியில் தள்ளினேன். தயாளனிடம் மூச்சு விடவில்லை.

நாலரை மணிக்குக் காற்று அடங்கியது. ஃபிரெடி புது சிவப்பு நூல் கட்டினார். பையன்களும் குடும்பங்களும் வேன் ஏறிப் போய்விட்டிருந்தார்கள். முத்தாலம்மாளும் தயாளனும் மட்டும் விமானத்தில் ஏறினார்கள்.

அது மேலே போகப் போக, ரிஜிஸ்டருக்கு அடியில் இருந்த படிவத்தை எடுத்துப் பார்த்தேன். ஏதாவது ஆகிவிட்டால் யாரைக் கூப்பிடுவேன்? பூட்டிய வீட்டையா? அட பாவி, என்ன காரியம் செய்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டு, பயத்தையும் மறந்து அண்ணாந்து பார்த்தேன். ஒரு புள்ளி விழுந்தது. விமானத்தில் கட்டிய பட்டை இழுத்து, வெள்ளைத் துணி விரிந்தது. ஃபிரெடி வயர்லெஸ்ஸில், "முத்தாலம்மா, இடது கை இழுங்க... போதும், விடுங்க... காலைச் சேர்த்து வைங்க" என்று ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வேர்க்கடலைக் கொல்லை ஓரம் விழுந்து, உருண்டு, எழுந்தார். நான் கை தட்டினேன். வெட்டவெளியில் ஒரே ஒரு ஆள் கை தட்டினால் எவ்வளவு கேவலமாகக் கேட்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனாலும் தட்டினேன்.

துணியை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்து வந்தார். முழங்காலெல்லாம் மண். "எப்படி இருந்ததும்மா?"

"சத்தமே இல்ல சார். யாருமே இல்ல. ஆனா செவுரும் இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "தையல் நல்லா கீது. ஒரு நூலு நீட்டல."

பிறகு என் மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லார் வூட்டுக்கும் போன் போட்டீங்களே சார்."

"உங்க வீட்ல யாரும் எடுக்க மாட்டாங்களேம்மா."

"தெரியும் சார். நீங்க போடுங்க."

போட்டேன். மணி அடிக்க ஆரம்பித்ததும் செல்போனை அவரிடம் கொடுத்தேன். காதோடு அழுத்தி வைத்துக்கொண்டார். ஒரு தரம் அது அடித்து ஓய்ந்தது. திருப்பி நீட்டினார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். நான் மறுபடி அதே நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். இந்தத் தடவை அது அடித்துக்கொண்டிருக்கும்போதே, "எறங்கிட்டேம்மா. நல்லா கீறேன்" என்றார்.