எந்த மாதம் என்று கேட்டேன்

ஞானஸ்நானம் எடுத்த பிறகு நான் விட்டவற்றுள் பெரியது தேத்தண்ணிதான். கோயிலுக்குப் போகாமல் விட்டதைக்கூட கனடாவில், ரெக்ஸ்டேலில் எங்கள் கட்டடத்துச் சனம் பொறுத்துக்கொண்டது. "வேதத்துக்கு மாறினவையைக் கண்டிருக்கிறன். தேத்தண்ணி குடியாத வேதத்தை இப்பதான் காணுறன்" என்றார் மேல்மாடி அக்கா. நான் சேர்ந்த மோர்மன் சபையில் தேயிலையும் கோப்பியும் விலக்கு. நான் மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்.

ஏன் மாறினாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வாயில் வந்ததைச் சொன்னேன். உண்மையான காரணம் ஒன்றே ஒன்று. ஊழியத்துக்கு வந்து கதவைத் தட்டிய இரண்டு இளம்பெண்கள், தங்கள் சபையில் கல்யாணம் சாவோடு முடிவதில்லை என்றார்கள். கணவனும் மனைவியும் ஆலயத்தில் முத்திரிக்கப்பட்டால் மறுமையிலும் அவர்கள் ஒரே குடும்பம்தான். எழும்பப்போனவர்களை இன்னும் கொஞ்சம் இருக்கச் சொன்னேன்.

என் கணவர் எனக்குப் பின்னால் கனடாவுக்கு வரவேண்டியவர். சண்டைக்காலத்தில் தரைப்பாதை இல்லாமல், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகவென்று கிளாலிக் கடலேரியில் படகேறினார். ஏறியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இறங்கியதைக் கண்டவர் ஒருவரும் இல்லை. அப்போது அவருக்கு முப்பத்துநாலு வயது. நான் பொட்டை அழிக்கவில்லை. சபைக்கும் அதோடுதான் போனேன், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அதற்கென்றே நியமிக்கப்பட்ட ஒரு முதியவர் நம் தலையில் கை வைத்து, நமக்கு மட்டுமேயான ஆசீர்வாதத்தைச் சொல்வார். வாழ்நாளில் ஒருமுறைதான் அது கிடைக்கும். என் முறை வந்தபோது கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். கைகள் பாரமாகவும் சூடாகவும் இருந்தன. கடவுள் என்னை அறிவார், முடிவுவரை நிலைத்திருந்தால் என் இரட்சிப்பு உறுதி, உயிர்த்தெழும் நாளில் என்னுடையவர்கள் என்னோடு நிற்பார்கள் என்று அந்தக் குரல் சொன்னது. பிள்ளைகள் இல்லாத எனக்கு என்னுடையவர் என்று இருந்தது ஒரே ஒருவர்தான்.

யாழ்ப்பாணத்தவளிடம் யாராவது வருங்காலத்தைப் பற்றிப் பேசினால் அவள் சும்மா இருப்பாளா? ஆமென் சொன்ன கையோடு கேட்டேன்: "எந்த மாதம் வருவார்?"

என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்த சபைச் சகோதரி இருமினார். முதியவர் சிரிக்கவில்லை. "மாதம் எனக்குச் சொல்லப்படவில்லை, சகோதரி" என்றார். ஊரில் ஒரு சாத்திரி என்றால், வியாழன் மாறட்டும் பிள்ளை என்றாவது சொல்லி அனுப்பியிருப்பார்.

ஆனாலும் அந்த வாக்குத்தான் என்னைத் தாங்கியது. ஒருநாள் படகு கவிழ்ந்துவிட்டதாம் என்று ரெலிபோன் வரும். இன்னொரு நாள் ஏதோ தடுப்புமுகாமில் கண்டார்களாம் என்று வரும். மறுநாள் விடிய நான் பனியில் பஸ்ஸுக்கு நிற்பேன், பேக்கரியில் பாண் தட்டுகளை இழுப்பேன். என்னுடையவர்கள் என்னோடு நிற்பார்கள் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இழுப்பேன். அது இல்லாவிட்டால் எனக்கு என்றைக்கோ விசர் பிடித்திருக்கும்.

இருமினார் என்றேனே, அந்தச் சகோதரி அறுபது தாண்டிய வெள்ளைக்காரி. அவருடைய கணவர் நாற்பது வயதில் இறந்துபோனவர். இருவரும் முத்திரிக்கப்பட்டவர்கள். அதனால் கணவரைப் பற்றி, பக்கத்து அறையில் சவரம் செய்துகொண்டிருக்கிறவரைப் பற்றிப் பேசுவது போலவே பேசுவார். எனக்குப் பொறாமையாக இருக்கும். சகோதரிக்குத் தன் மனுசன் எங்கே என்று தெரியும்.

ஒரு சனிக்கிழமை என்னைத் தன் காரில் பிறம்ரனுக்குக் கொண்டுபோனார். சபையின் ஆலயம் அங்கேதான் இருக்கிறது. கார் தரிப்பிடத்தில், ஹீற்றரை நிறுத்தாமல், எனக்கு விளங்கும் இங்கிலீசில் மெல்லச் சொன்னார். என் கணவர் உயிரோடு இருந்தால் தானே வந்து என்னோடு நிற்கவேண்டும். இறந்துவிட்டார் என்றால், அவருக்காக வேறொருவர் ஞானஸ்நானத் தண்ணீரில் இறங்கலாம், முத்திரிக்கும்போது வேறொருவர் அவருடைய இடத்தில் முழந்தாளிடலாம். பிறகு அவர் என்றென்றைக்கும் எனக்குத்தான்.

"நீங்கள் ஒரு சொல் சொன்னால் போதும். மிச்சத்தை நான் பார்க்கிறேன்" என்று என் கையைப் பிடித்தார். தன்னிடம் இருந்ததிலேயே பெரியதை எனக்குத் தரப் பார்த்தார்.

என் மனுசன் செத்துப்போனார் என்று நான் சொல்லவேண்டும், அவ்வளவுதான். எனக்கு ஆசை இல்லை என்று சொல்லமாட்டேன். எவ்வளவு காலத்து ஏக்கம்! வாயைத் திறந்தேன். சொன்னால் வீட்டுக்குப் போய்த் தலை முழுகவேண்டும், செத்தவீட்டுத் துடக்குக் காக்கவேண்டும், பொட்டை அழிக்கவேண்டும். நாளைக்கே அவர் வந்து கதவைத் தட்டினால் எந்த முகத்தோடு திறப்பேன்?

"இல்லை. கடவுள் தந்த வாக்கு பழுதாகாது. அது அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

"அவர் இறந்திருந்தாலும் அந்த வாக்கு..." என்று சகோதரி தொடங்கினார்.

"தெரியும். மறுமையில் கடவுள் அவரை எனக்குத் தருவார், ஒரு குறையும் இல்லாமல், வாலிபனாய். எனக்கு அவர் கிழவனாக வேண்டும். தலை நரைக்கவேண்டும், பல் விழவேண்டும், இந்தக் குளிருக்கு முழங்கால் நோகிறது என்று விடிய எழும்பி என்னோடு சண்டை பிடிக்கவேண்டும். நான் அதைப் பார்க்கவேண்டும்."

சகோதரி என் கையை விட்டுவிட்டு, முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வந்துவிட்டதோ என்று பயந்தேன்.

"எனக்கும்தான்" என்றார் கடைசியில். "என்னுடையவர் நாற்பதோடு நின்றுவிட்டார். இப்போது பக்கத்தில் போய் நின்றால், நான் அவருக்குத் தாய் மாதிரி இருப்பேன்."