பெரியம்மாவின் நிறம்

என் அப்பாவுக்குப் பிடித்த பாடகர்கள் எல்லோரும் அமெரிக்கக் கறுப்பர்கள். இந்தக் காலத்து ஆட்கள் இல்லை. ரிதம் அண்ட் புளூஸ் என்று இசைத்தட்டு விற்பவர்கள் பெயர் வைத்த காலத்து ஆட்கள். சின்னக் குழு, ஒரு பியானோ, தொண்டை கிழிய அலறுகிற ஒரு சாக்ஸபோன், குடித்தும் குழறியும் பழுத்த குரல்கள். அதற்குப் பின்னால் தேவாலயப் பாட்டின் சாயலோடு வந்த சோல் பாடகர்களை அவர் வீட்டுக்குள்ளேயே எடுக்கவில்லை. "அதுக்குப் பிறகு எல்லாரும் கோயிலுக்குப் போட்டினம். எனக்குக் குடிச்சுப்போட்டு உண்மை கதைக்கிற ஆக்கள் காணும்" என்பார். இதைச் சொல்கிற மனிதர் அரைக் கிளாஸ் பியர் குடித்தால் அடுத்த நாள் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிவார்.

இந்தப் பைத்தியம் அவருக்கு நோர்வேயின் வட முனையில், ஹம்மர்பெஸ்டில் பிடித்தது. அகதியாக வந்த புதிதில் அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை. அறை தேடிப் போன வீடுகளில் கதவைப் பாதி திறந்து, முகத்தைப் பார்த்துவிட்டு, அறை இப்போதுதான் போய்விட்டது என்றார்களாம். கடைசியில், கப்பலில் வேலை செய்து ஓய்ந்த ஒரு நோர்வேக் கிழவர் தன் வீட்டின் நிலக்கீழ் அறையைக் கொடுத்தார். கிழவர் அமெரிக்கத் துறைமுகங்களில் வாங்கிச் சேர்த்த இசைத்தட்டுகள் அந்த அறையில்தான் கிடந்தன. சூரியனே எழும்பாத அந்த மாரி முழுக்க அப்பா அவற்றைக் கேட்டிருக்கிறார். அப்பா ஒஸ்லோவுக்கு இடம் மாறியபோது கிழவர் பெட்டியோடு தூக்கிக் கொடுத்துவிட்டார்.

ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியோடுதான் விடியும். அப்பா குசினியில் ஆட்டிறைச்சி வெட்டுவார், ஹோலில் தட்டு சுழலும். பாடகர்களின் பெயர்களை அவர் சொல்வதே இல்லை. ஊரில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லாத மனிதர், ஒவ்வொருவருக்கும் ஓர் உறவுமுறை வைத்துவிட்டார். முழு வாத்தியக் குழுவையும் தன் குரலால் அமுக்கிவிடுகிற மலை போன்ற மனிதர் பெரியப்பா. கோழிப் பொரியலைப் பற்றியும் வாடகை கேட்டு வருகிறவனைப் பற்றியும் பகிடி விட்டுப் பாடுகிற சாக்ஸபோன்காரர் சிரிப்பு மாமா. எனக்குப் பிடித்தவர் நித்திரைச் சித்தப்பா. பியானோவில் சாய்ந்துகொண்டு, வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றுகிறவர் போல, ஒவ்வொரு சொல்லையும் அலுப்போடு இறக்கி வைப்பார். அவருடைய பாட்டு முடிந்த பிறகும் எனக்கு எழும்ப மனம் வராது.

எல்லோருக்கும் மேலே பெரியம்மா. ஆண் குரல் போல அடித்தொண்டைக் குரல். பாடத் தொடங்கும் முன் ஒரு சின்ன இருமல். பிறகு ஊர் மேய்ந்துவிட்டு வந்த ஒருவனை வாசலில் நிறுத்தி வைத்துத் திட்டுவா. அவவின் படம் போட்ட அட்டையை அப்பா கண்ணாடி அலுமாரியில், எங்கள் பள்ளிக்கூடப் படங்களுக்கு நடுவில் வைத்திருந்தார். வருகிற சனம் "உது ஆர்?" என்று கேட்டால், "பிள்ளையளின்ரை பெரியம்மா" என்பார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். எனக்கு அது பகிடி என்று கனகாலம் தெரியாது.

அவர்களுக்காக அப்பா சண்டையும் பிடிப்பார். பெரியம்மா பாடியதை வெள்ளைக்காரர் திருப்பிப் பாடிப் பணக்காரர் ஆனதைச் சொல்லும்போது இறைச்சிக் கத்தி பலகையில் ஓங்கி விழும். "கள்ளப் பயலுகள்! அவையை மேடையிலை ஏத்தி ஆடினவங்கள், அதே ஹோட்டலிலை படுக்க அறை குடுக்கேல்லைப் பிள்ளை. பஸ்ஸுக்கைதான் நித்திரை. எனக்கும் இஞ்சை ஒருத்தரும் அறை தரேல்லை. நானும் அவையும் ஒரே சாதி." இதைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். என் அப்பாவைப் போல ஒரு மனிதர் எங்கள் சனத்துக்குள் இல்லை என்று தலைக்கனமே இருந்தது எனக்கு.

அதே வீட்டில்தான் இன்னொரு சொல்லும் இருந்தது. வெயிலில் விளையாடினால் "காப்பிலி மாதிரிக் கறுத்துப்போவாய், உள்ளை வா." தலை வாரி இழுக்காவிட்டால் "என்ன இது, காப்பிலி மயிர்." காப்பிலி என்றால் கறுப்பர். எங்கள் ஆட்கள் அதை மிளகாய்த்தூள் போல எல்லாவற்றிலும் தூவிக்கொள்வார்கள். ஒருவருக்கும் உறைப்பதில்லை. காப்பிலியும் பெரியம்மாவும் ஒரே ஆள் என்று எனக்கும் உறைக்கவில்லை, நான் காதலிக்கும்வரை.

அவன் ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஊரான திறாம்மனில் பிறந்தவன். பெற்றோர் காம்பியாவிலிருந்து வந்தவர்கள். அவன் தண்ணீர்க் குழாய்களை வடிவமைக்கிற பொறியியலாளன். பள்ளிக்கூட ஊதுகுழல் அணியில் பெரிய பித்தளைக் குழல் ஊதி, தேசிய நாள் ஊர்வலங்களில் தொப்பி போட்டு நடந்தவன். பாட்டுக் கேட்டால் அச்சு நோர்வேக்காரனாகத் தாளத்தின் ஒன்றிலும் மூன்றிலும் கைதட்டுவான். இரண்டிலும் நான்கிலும் தட்ட வேண்டும் என்று அப்பா எங்களுக்கு அடித்துப் பழக்கியிருந்தார். அதைத் தவிர அவனிடம் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

வீட்டுக்குக் கூட்டிப்போனபோது எனக்குப் பயமே இருக்கவில்லை. வேறு எந்தத் தமிழ் வீட்டிலும் சண்டை வரும். எங்கள் வீட்டில் அலுமாரியில் பெரியம்மா இருக்கிறா என்று நினைத்தேன். என்ன மடைத்தனம்! அவன் கிறீம் கேக்கோடு வந்தான். அம்மா தேத்தண்ணி வைத்தா. அப்பா நோர்வேஜிய மொழியில் மரியாதையாகக் கதைத்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை, ஆனால் தட்டு சுழலவில்லை. பேச்சை எங்காவது கொண்டுபோக வேண்டுமே என்று நான் பெரியம்மாவின் படத்தைக் காட்டினேன். அவன் உற்றுப் பார்த்துவிட்டு, "யார் இவர்?" என்று கேட்டான்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவின் பக்கம் திரும்பி, அவனுக்கு முன்னாலேயே, தமிழில் சொன்னார்: "காப்பிலிக்கே காப்பிலிப் பாட்டுத் தெரியேல்லை, பாத்தியோ?"

வேறு மொழிக்காரருக்கு முன்னால் தமிழில் எதையும் சொல்லலாம் என்பது எங்கள் ஆட்களின் பெரிய நம்பிக்கை. முகம் என்று ஒன்று இருப்பதை மறந்துவிடுவார்கள். திரும்பிப் போகும்போது ரி-பானே சுரங்க ரயிலில் அவன் கேட்டான்: "உன் அப்பா இரண்டு தரம் சொன்னாரே ஒரு சொல், அது என்ன?" அவன் அந்தச் சொல்லைச் சரியாகவே உச்சரித்தான். நான் மறைக்கவில்லை, சொன்னேன். "எங்கள் பள்ளிக்கூடத்திலும் என்னைக் கூப்பிட ஒன்று இருந்தது. இதைவிடச் சின்னது" என்றான். கேக் நன்றாக இருந்ததா என்று பிறகு கேட்டான்.

அடுத்த நாள் நான் தனியாகப் போனேன். அப்பா சொன்னார்: "பொடியன் நல்லவன்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா காப்பிலி எண்டால் சாதிசனம் என்ன கதைக்கும்? ஒரு கலியாண வீட்டுக்கு என்னெண்டு போறது?"

"அவையும் நானும் ஒரே சாதி எண்டு சொன்னது ஆரப்பா?"

"அது பாட்டு. இது குடும்பம்."

"அப்ப அலுமாரிக்கை இருந்தால் பெரியம்மா, வாசலிலை வந்து நிண்டால் காப்பிலியோ?"

"வாய் காட்டாதை" என்றார். அந்த மனிதரைத்தான் நான் தலையில் தூக்கி வைத்து ஆடினேன் என்று நினைக்க எனக்கு இன்றைக்கும் பற்றி எரிகிறது.

பதிவுத் திருமணத்துக்கு அம்மா மட்டும் வந்தா, பட்டுச் சேலைக்கு மேலே குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு. அப்பாவுக்கு முதுகுநோ என்றா. நான் கேட்காமலே சொன்னா. பிள்ளை வந்தால் எல்லாம் சரிவரும், கொப்பா எப்பிடியும் இளகிப்போவார் என்றும் சொன்னா. நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அவரிடம் கோபம் இருந்தது; என் பிள்ளையை அவர் மடியில் வைத்துக்கொண்டு, இரண்டிலும் நான்கிலும் அதன் கையைத் தட்டவைக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. வெட்கம் கெட்ட ஆசை.

மகள் பிறந்த அன்று அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதா. அப்போது அப்பாவின் அழைப்பு வந்தது. அம்மாவின் இரண்டு கையிலும் பிள்ளை. ஆகவே தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு என் கட்டிலில் வைத்தோம். அவருடைய குரலுக்கு முன்னால் எனக்குக் கேட்டது ஒரு சின்ன இருமல். பிறகு பியானோ. பெரியம்மா பாடத் தொடங்கியிருந்தா. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மனிதர் இளகித்தான் போனார், தட்டைப் போட்டுவிட்டுத்தான் எடுத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"எல்லாம் சுகமோ?" என்று கேட்டார்.

"ஓம், சுகம்" என்றா அம்மா.

"பிள்ளை... கனக்கக் கறுப்போ?"

அம்மா பதறிப்போய் என்னைப் பார்த்தா. "பெரியம்மாவின்ரை நிறம் அப்பா" என்றேன் நான். "அலுமாரியைத் திறந்து பாருங்கோ."

பெரியம்மா அந்த வரியை முடித்தா, அடுத்த வரியும் பாடினா. பிறகு தொடர்பு அறுந்தது.

மகளுக்கு இப்போது மூன்று வயது. அப்பா அவளை இன்னும் பார்க்கவில்லை. அம்மாவை நான் குறொன்லாண்ட் மரக்கறிக் கடையில்தான் சந்திக்கிறேன். அப்பாவுக்கு முருங்கைக்காய் வாங்க வருகிறா. போன கிழமை, ஏன் கேட்டேன் என்று தெரியாமலே, அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் பாட்டுப் போடுகிறாரா என்று கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை. அதெல்லாத்தையும் பெட்டியோடை கீழை சாமான் அறையிலை கொண்டுபோய்ப் பூட்டியாச்சு. பெரியம்மாவின்ரை படத்தையும் எடுத்துப்போட்டார்."

"ஏனாம்?"

அம்மா ஒரு முருங்கைக்காயை முறித்துப் பார்த்தா. "சனம் வாற வீடு, பாக்க ஒரு மாதிரிக் கிடக்காம்."

ஆக, அந்த வீட்டில் இப்போது ஒரு காப்பிலியும் இல்லை. சனம் தாராளமாக வந்து போகலாம்.