ஒரே பாட்டிலில் ஆறு பூச்சிகள்

சிதம்பரத்தில் எங்கள் மொட்டைமாடி அல்லித் தொட்டியில், தட்டான் குஞ்சு கழற்றிவிட்டுப் பறந்த தோல் ஒன்று இன்று காலை தண்டில் ஒட்டியிருந்தது. கிள்ளி எடுத்தேன். விரலில், சின்ன வயதில் நாங்கள் இருந்த ஊரின் பெருமாள் ஏரிச் சேற்று வாடை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஆபரேஷன் முடிந்து வந்த அம்மாவுக்குப் புண் ஆறவில்லை. விரால் குழம்பு கொடுத்தால் ஆறும் என்றார்கள். மழையில் சந்தைக்கு விரால் வரவில்லை. அப்பா ஏரியில் தூண்டில் போடக் கிளம்பினார். முதல்நாள் சாயங்காலமே இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, இரைக்காகச் சிறகு முளைக்காத தட்டான் குஞ்சுகளைப் பாசியோடு அள்ளினார். ஆறு கிடைத்தன.

"தனித்தனி கொட்டாங்கச்சில போடு பாப்பா. ஒண்ணா வுட்டா ஒண்ண ஒண்ணு தின்னுடும்."

எனக்கு அவை சேர்ந்து நீந்துவதைப் பார்க்க ஆசை. ஆறையும் ஊறுகாய் பாட்டிலில் விட்டேன். விடிந்தபோது ஒன்றுதான் இருந்தது, வயிறு உப்பிப்போய்.

"மிச்சம் செத்துப்போச்சுப்பா, தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன்.

அந்த ஒன்றையும் ஒரு விரால் தூண்டில் நரம்போடு அறுத்துக்கொண்டு போனது. அப்பா வெறுங்கையோடு திரும்பினார். அந்த வாரமே அம்மா போய்விட்டாள்.

இப்போது அப்பா எழுந்து நடப்பதில்லை. இன்றாவது உண்மையைச் சொல்லிவிடலாமென்று அந்தத் தோலை அவர் உள்ளங்கையில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"நான் முரட்டுத்தனமா அள்ளிப்புட்டேன். அதான் அஞ்சும் செத்துப்போச்சு. மெதுவா அள்ளியிருந்தா உங்கம்மா பொழச்சிருப்பா பாப்பா."

"காபி ஆறுதுப்பா" என்றேன்.