மூன்று அலையும் ஒரு தொண்டையும்

நடுவர் விசிலை வாயில் வைப்பதற்கு முன்பே அப்துல் ஸமட் "ஓஃப்சைட்!" என்று ஒரு தடவை கத்திவிடுவார். பந்து அப்போது மைதானத்துக்கே வந்திருக்காது. தொண்டையைச் சரிபார்க்கிறாராம். "விசிலுக்குப் பொறகு கத்துறதுக்கு நாம என்னத்துக்கு மனே?" என்பார்.

அந்தத் தொண்டைதான் அவருக்கு யாவார முதலும். விடிந்ததும் கல்முனைக்குடிக் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறார். பாரையையும் சூரையையும் ஒரே மூச்சில் விலையேற்றி, வாங்க வந்தவர் யோசிப்பதற்குள் தலையில் கட்டிவிடுவார். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்தால் அதே தொண்டை கோரல்ஸ் உதைபந்தாட்டக் கழகத்துக்கு. மடித்துக் கட்டிய சாரமும் நீல ஜேர்ஸியுமாக எல்லைக்கோட்டை ஒட்டி நிற்பார். ஐம்பது வயதில் ஜேர்ஸி வயிற்றைக் கொஞ்சம் பிடிக்கத்தான் செய்கிறது. எதிரணியை எவ்வளவு நையாண்டி செய்தாலும் கெட்ட வார்த்தை மட்டும் வராது. "வாய் கெட்டா யாவாரமும் கெட்டிரும்."

யுத்தம் முடிந்த மூன்றாம் மாதம் கழகத்துக்குப் புது இலச்சினை வந்தது. பழையதில் பந்துக்குக் கீழே மூன்று அலைகள் சுருண்டு நிற்கும். புதியதில் அலைகளைக் காணோம். ஒரு சூரியன், குலுக்கிக்கொள்ளும் இரண்டு கைகள். கொழும்பில் யாரோ கம்பியூட்டரில் கீறியதாம்.

தேநீர்க்கடை இரண்டுபட்டது. "இன்சூரன்ஸ் கம்பனிர நேம்போட் மாதிரி இரிக்கி" என்றார் ஒருவர். "இல்ல, கலியாணப் புரோக்கர்மார்ர சங்கம்" என்றார் இன்னொருவர். கோல்காப்பாளன் மட்டும், "முன்னால என்னத்தக் கீறினா என்ன, பின்னால நம்பர் தெரிஞ்சாச் சரி" என்று ரொட்டியைப் பிய்த்தான். அப்துல் ஸமட் புது ஜேர்ஸியைத் தூக்கிப் பிடித்து, "சூரியனா இது? பொரிச்ச முட்டை!" என்றார்.

சிரித்தாரே தவிர, அவருக்கு மனம் ஒப்பவில்லை. கடல் இத்தனை பேரைக் கொண்டுபோன பிறகு அலையை நெஞ்சில் குத்திக்கொண்டு எப்படி ஆடுவது என்று கழகச் செயலாளர் பொறுமையாகத்தான் கேட்டார். "கடல் போட்ட சோத்தில வளந்த ஊரு இது. கடலோட கோவிச்சிக்கிட்டு எங்க போற?" என்று திருப்பிக் கேட்டார் ஸமட். சுனாமி வந்து நாற்பது நாள் கழியுமுன்பே கரையில் முதல் ஏலம் கூறியவர் அவர். அந்தப் பேச்சில் நியாயம் இல்லாமலில்லை. பழைய இலச்சினைக்காக நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்கூட்டத்தில் அலை திரும்பாவிட்டால் இனி மைதானத்தை மிதிப்பதில்லை என்று ஊரறியச் சொல்லியும்விட்டார்.

கூட்டத்துக்குப் பழைய ஜேர்ஸியில் போகவேண்டும் என்று அலுமாரியைத் திறந்தார். அது உட்புறம் வெளியே தெரிய மடிக்கப்பட்டிருந்தது.

"என்ன புள்ள, காயப்போடக்குள்ள புரட்டுறது சரி, மடிக்கக்குள்ளயுமா?"

மனைவி நஸீறா அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அந்த அலைய என்னால பாக்க ஏலா."

"சாயம் போகாம இரிக்கத்தானே புரட்டுற?"

"சாயமெண்டு நான் எப்ப சொன்ன? நீங்களா நினைச்சிக்கிட்டீங்க. அத உடுத்துக்கிட்டு நீங்க வாசல்ல நிக்கக்குள்ள, தண்ணி மறுகா ஊட்டுக்குள்ள வாற மாதிரி இரிக்கி. உம்மா போன தண்ணி அது."

உம்மா என்றால் சல்மா உம்மா, நஸீறாவைப் பெற்றவர், ஸமட்டின் மாமி. ஊரிலேயே அவரைக் கத்தி அடக்கக்கூடிய ஒரே ஆள். கழகம் தோற்ற நாள்களில், "சத்தத்துக்குக் கோல் குடுக்கிறதெண்டா எங்கட மருமகன்தான் சாம்பியன்" என்று சொல்லிக்கொண்டே சோறு போடுவார். நஸீறா நாலு வருடமாக அழுததையெல்லாம் பார்த்த மனிதர், கொடியில் ஜேர்ஸி புரண்டு தொங்கியதன் காரணத்தைப் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, துணி பேணுவதில் என் பெண்டாட்டிக்கு நிகர் ஆளில்லை என்று கடற்கரையெல்லாம் பீற்றிக்கொண்டும் திரிந்திருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட வலித்தது.

"முன்னமே சொல்லியிரிக்கலாமே?"

"உங்களுக்கு இரிக்கிற ஒரே சந்தோசம் அது. அதையும் என்னத்துக்குப் பறிக்கிற?"

கூட்டத்துக்கு அவர் பிந்தித்தான் வந்தார். ஜேர்ஸியை உட்புறம் வெளியே தெரியப் போட்டிருந்தார். கழுத்தில் லேபல் நீட்டிக்கொண்டிருந்தது. "காக்கா, இருட்டுக்குள்ள உடுத்தீங்களோ?" என்று யாரோ ஓர் இளையவன் கேட்கக் கூட்டம் சிரித்தது. அவர் பின்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

"புதிய இலச்சினைக்குச் சம்மதமானவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றார் செயலாளர்.

ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் ஸமட்டையே பார்த்தார்கள். அக்குளில் தையல் நூல்கள் தொங்க, அவருடைய கை மேலே போனது.