சுப்பையா மாமாவைத் தேடிக் கோட்டைக்குப் போனோம்

பாலக்காடு கோட்டைக்குப் போக நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆனால் நாங்கள் போனது கோட்டைக்காக அல்ல. என் தாய்மாமா சுப்பையா பட்டாளத்தில் இருந்தவர். வடக்கே எல்லையில் பனிச்சரிவில் போய்விட்டார், உடல்கூடக் கிடைக்கவில்லை. மூணாறு பக்கத்தில் இருக்கும் எங்கள் சித்திரபுரத்தில் அவருக்கென்று ஒரு கல் கிடையாது. போன தை மாதம் மூணாறுக்கு வந்த முன்னாள் பட்டாளத்துக்காரர் ஒருவர், பாலக்காட்டுப் பக்கம் மாமா பெயரில் ஸ்மாரகம், அதாவது நினைவுச்சின்னம் இருக்கிறது, கூட இருந்தவர் கட்டியது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"எந்தம்பி பேர ஒரு தடவ கண்ணால பாத்துரணும்ட்டி" என்றாள் அம்மா. பட்டாளத்தான் கல் கோட்டையில்தான் இருக்கும் என்று அவளே முடிவும் கட்டிவிட்டாள். அம்மா முடிவு கட்டினால் அப்புறம் யாரும் அவிழ்க்க முடியாது.

காலை ஆறு மணிக்கு மூணாறில் பஸ் ஏறினோம். மறையூர், சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டை சுமார் 85 கி.மீ., மூன்றரை மணி நேரம். அங்கிருந்து பொள்ளாச்சி, பிறகு கோபாலபுரம் வழியாகப் பாலக்காடு. வழி நெடுக அம்மா தூங்கினாள், நான் தென்னை எண்ணினேன். கோட்டை வாசலில் நின்றபோது மணி ஒன்று.

கோட்டை அருமை. மைசூர்ப் படையும் வெள்ளைக்காரப் படையும் மாறி மாறி முற்றுகையிட்ட இடம் என்று நம்பவே முடியாத அமைதி. சுற்றிலும் அகழி, தடித்த கருங்கல் சுவர், உள்ளே ஆஞ்சநேயர் கோயில். எங்களிடம் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. அம்மாவுக்கு இதெல்லாம் கண்ணில் படவே இல்லை. கழிப்பறை அறிவிப்பு உட்பட ஒவ்வொரு பலகையாக என்னை வாசிக்கச் சொன்னாள். காவலாளி, "பட்டாளக்காரருடெ பேரொண்ணும் இவிடெ இல்ல சேச்சி" என்று சொன்னதும் அவள் முகம் விழுந்துவிட்டது.

வெளியே இளநீர் விற்றவர்தான் காப்பாற்றினார். "கோபாலபுரம் ரோட்டுல ஒரு பட்டாளத்துக்காரரு ஸ்மாரகம் இருக்குதுங்களே. செக்போஸ்டுக்கு ரெண்டு ஸ்டாப் முன்னால எறங்குங்க" என்றார். வந்த வழியேதான்!

சுமார் முப்பது கிலோமீட்டர். இறங்கும்போது மூன்றே முக்கால். சுற்றிலும் தென்னந்தோப்பு, ஒரு வெயிட்டிங் ஷெட், அதன் நெற்றியில் காதுகுத்து ஃப்ளெக்ஸ். கொடிக்கம்பம், சிலை எதையும் காணோம். ஷெட்டில் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். முக்கால் மணி நேரம் கழித்துப் பால் கேனோடு ஒரு அக்கா வந்தார். ஸ்மாரகம் எங்கே என்று கேட்டேன்.

"ஏனுங் அம்மணி, அதுக்குள்ளயே உக்காந்து சோறு தின்னுபோட்டு எங்கிட்டக் கேக்கறீங்க?"

அவரே போன் போட்டார். ஐந்து நிமிடத்தில் வேலுச்சாமி என்பவர் மொபெட்டில் வந்து இறங்கினார். மாமாவோடு ஒரே முகாமில் இருந்தவர். விஷயம் தெரிந்ததும் மொபெட்டில் இருந்த அரிவாளை எடுத்து ஃப்ளெக்ஸ் கயிற்றை அறுத்தார். "எம்பட பேத்தி காதுகுத்துங்க. பசங்க இங்க கொண்டாந்து கட்டிப்போட்டானுங்க" என்று கூனிக் குறுகினார். ஃப்ளெக்ஸ் சரிந்து என் தலையிலேயே விழுந்தது. வெளியே வந்து பார்த்தால், சிமெண்டில் செதுக்கிய எழுத்து: சுப்பையா, சித்திரபுரம்.

அம்மா சுவரில் ஏறாத குறைதான். எட்டி எட்டி அந்த எழுத்தைத் தடவினாள். அழுதாள், உடனே வேலுச்சாமியைப் பார்த்துச் சிரித்தாள்.

"சிலை வைக்காம ஏன் ஷெட்டு கட்டுனீங்க?" என்று கேட்டாள்.

"அவன் சொன்னதுதானுங்க. மழையில நனைஞ்சுட்டே பஸ்ஸுக்கு நின்னு வளந்தேன், ரிட்டயர் ஆனதும் எங்க ஸ்டாப்புல ஒரு ஷெட்டு கட்டோணும்னு சொல்லிட்டே இருப்பான். உங்கூர்ல எடம் கேட்டனுங்க. எஸ்டேட் நெலம், குடுக்க முடியாதுன்னுட்டாங்க. அதான் எங்கூர்லயே கட்டிட்டனுங்க."

போகிறவர்களுக்கு: கோட்டைக்கு ஒன்றரை மணி நேரம் போதும், வெயிலுக்கு முன்னால் போங்கள். கோபாலபுரம் பஸ் கட்டணம் ஆளுக்கு நாற்பது ரூபாய்க்குள். இந்தப் பக்கம் எந்த ஷெட்டில் ஒதுங்கினாலும் நெற்றியில் யார் பெயர் என்று ஒரு பார்வை பாருங்கள். ஃப்ளெக்ஸ் இருந்தால் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள்.

பொள்ளாச்சிக்கு அரை மணிக்கு ஒரு பஸ். ஐந்து மணி பஸ் வந்ததும் நான் பையை எடுத்தேன். அம்மா எழுந்திருக்கவில்லை. ஐந்தரை பஸ்ஸும் வந்தது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்தார்.

"நீங்க போங்க" என்று அம்மா கையசைத்தாள். "நாங்க எந்தம்பி வீட்டுக்கு வந்திருக்கோம்."